டேபிள் பிராஃபிட் போன பிறகு: தமிழ் சினிமா சரிகிறதா, மாறுகிறதா?

சென்னை வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டி ஒரு பெரிய மால் இருக்கிறது. 2013இல் திறந்தது. மேல் தளத்தில் ஒன்பது திரைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் டிக்கெட்டுக்கு நிற்பவர்களைவிட பாப்கார்னுக்கு நிற்பவர்கள்தான் அதிகம். அந்த மால் நிற்கிற மண்ணில் ஒரு காலத்தில் விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்தது. 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' எல்லாம் அங்கே உருவான படங்கள். செட் போடும் தச்சர்கள், பெயின்டர்கள், லைட்மேன்கள், தையல்காரர்கள் என்று ஒரு சின்ன ஊரே அதற்குள் பிழைத்தது. பிறகு தளங்களில் வேலை குறைந்தது. வளாகத்தின் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி வந்தது, இன்னொரு பக்கம் மால் வந்தது. படம் எடுத்த மண்ணில் இன்று படம் காட்டுகிறார்கள்.

"தமிழ் சினிமா அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும். 1980 வாக்கில் அந்த ஸ்டுடியோவின் தச்சர் ஒருவர் இதையே சொல்லியிருந்தால், அவர் வரையில் அது முழு உண்மை. ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே, 1977இல், 'பதினாறு வயதினிலே' வந்து கேமராவைக் கிராமத்துத் தெருவுக்கும் வயல் வரப்புக்கும் கொண்டுபோய்விட்டது. தளத்துக்குள் போட்ட செட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது வீழ்ச்சி. சென்னைக்கு பஸ் ஏறிவந்த புது இயக்குநர்களுக்கு அதுதான் வாசல். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே காரணத்தால் நடந்தது.

அதனால் "சரிகிறதா, மாறுகிறதா" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: படம் ஓடவில்லை என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வது யார்? அந்தத் துண்டு காலத்துக்குக் காலம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது மறுபடி இடம் மாறுகிறது. இன்று கேட்கிற சத்தம் முழுக்க அதனால்தான்.

சினிமாக்காரர்கள் புழங்கும் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் இது சுலபமாகப் புரியும். டேபிள் பிராஃபிட். படம் திரைக்கு வரும் முன்னாலேயே, உரிமைகளை மேசையில் உட்கார்ந்து விற்ற கணக்கிலேயே போட்ட பணத்துக்கு மேல் கிடைத்துவிட்டால் அதுதான் டேபிள் பிராஃபிட். 30 கோடியில் ஒரு படம் எடுக்கிறார் ஒருவர். டிவி உரிமை, ஓடிடி உரிமை, பாட்டு உரிமை, இந்தி டப்பிங் உரிமை, வெளிநாட்டு உரிமை, தமிழ்நாட்டுத் தியேட்டர் உரிமை எல்லாம் சேர்த்து 36 கோடிக்கு முன்கூட்டியே விலைபோய்விட்டால், ஒரு டிக்கெட் கிழிவதற்கு முன்பே 6 கோடி லாபம். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு அவருடைய கவலை இல்லை, வாங்கியவர்களுடைய கவலை. கடந்த இருபது வருடத் தமிழ் சினிமாவின் பெரும்பகுதி இந்த மேசையை நம்பித்தான் நடந்தது. அந்த மேசையின் கால் ஆடத் தொடங்கியிருக்கிறது.

நூறு ரூபாய் எங்கே போகிறது

முதலில் தியேட்டர் பக்கம் போவோம். வரி நீங்கலாக ஒரு டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நீங்கள் கொடுப்பது அதைவிட அதிகம், ஏனென்றால் வரி மேலே ஏறும். 2006இலிருந்து தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம், அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. "ரெண்டு வரியைத் தாங்க முடியாது" என்று மாநிலம் முழுக்கத் தியேட்டர்களைச் சில நாள் மூடியே வைத்தார்கள். 2019 ஜனவரியில் அந்த 28 சதவீதம் 18 ஆனது.

சரி, வரி போக அந்த 100 ரூபாய்? முதல் வாரத்தில் அதில் 60 ரூபாய், பெரிய நடிகர் படமாக இருந்தால் 70 ரூபாய் வரைக்கும்கூட, விநியோகஸ்தர் பக்கம் போகும். மீதிதான் தியேட்டருக்கு. இரண்டாவது வாரம் தியேட்டரின் பங்கு கூடும், மூன்றாவது வாரம் இன்னும் கூடும். அதாவது படம் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனைக்குத் தியேட்டர்காரர் பிழைப்பார். இப்போது பல படங்கள் இரண்டாவது வெள்ளிக்கிழமையைப் பார்ப்பதே இல்லை. தியேட்டர்காரருக்கு நல்ல வாரம் வரும் முன்பே படம் கழன்றுவிடுகிறது. கரன்ட் பில், ஏசி, ஆள் சம்பளம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பாப்கார்ன் விலையும் பார்க்கிங் கட்டணமும் ஏன் அப்படி இருக்கின்றன என்று எரிச்சல்படுகிறோம், நியாயம்தான். ஆனால் பல தியேட்டர்களை இன்று உயிரோடு வைத்திருப்பது படத்தைவிட கேன்டீன்தான்.

இங்கேயே போஸ்டரில் வரும் "100 கோடி வசூல்" என்ன என்பதையும் பார்த்துவிடலாம். அது கிராஸ், மொத்தமாக மக்கள் கொடுத்த பணம். வரியைக் கழித்தால் சுமார் 80 கோடி. தியேட்டர்களின் பங்கைக் கழித்தால் 45 கோடியை ஒட்டி நிற்கும். இதைத்தான் ஷேர் என்பார்கள். 60 கோடிக்குத் தியேட்டர் உரிமை வாங்கியவர் "100 கோடி வசூல்" போஸ்டருக்குக் கீழேயே நின்று 15 கோடி நஷ்டத்தை எண்ணிக்கொண்டிருக்கலாம். தமிழ்நாட்டில் எல்லாத் தியேட்டர் வசூலையும் அன்றன்று ஒரே இடத்தில் பார்க்கும் பொதுவான, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு கிடையாது. அதனால் யார் சொல்லும் எண்ணையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ள முடியாது. எவ்வளவு வசூல் என்று கேட்பதைவிட, வாங்கிய விலைக்கு எவ்வளவு திரும்பியது என்று கேட்பது பயன் தரும்.

ஏரியாவும் எம்.ஜி.யும்

தமிழ்நாட்டை சினிமாக்காரர்கள் ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வட ஆற்காடு தென் ஆற்காடு, கோவை, சேலம், டி.டி. எனப்படும் திருச்சி தஞ்சாவூர், எம்.ஆர். எனப்படும் மதுரை ராமநாதபுரம், டி.கே. எனப்படும் திருநெல்வேலி கன்னியாகுமரி. வட ஆற்காடு என்று ஒரு மாவட்டம் இல்லாமல் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சினிமாக் கணக்கில் மட்டும் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. கடல் தாண்டிய ஏரியாவுக்கு எஃப்.எம்.எஸ். என்று பெயர். மலேசியாவும் சிங்கப்பூரும் அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அங்கிருக்கும் தமிழர்கள் பழைய வாடிக்கையாளர்கள்.

ஒரு ஏரியாவை வாங்க மூன்று வழி உண்டு. அவுட்ரைட் என்றால் ஒரே விலை, அதோடு சரி, லாபமோ நஷ்டமோ வாங்கியவருக்கு. எம்.ஜி. என்றால் குறைந்தபட்ச உத்தரவாதம்: இவ்வளவு தொகை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், படம் படுத்தால் திரும்பாது, கொடுத்த தொகைக்கு மேல் வசூலானால், அந்த ஓவர்ஃப்ளோவில் தயாரிப்பாளருக்கும் பங்கு. மூன்றாவது, வெறும் கமிஷனுக்கு வெளியிட்டுக் கொடுப்பது. இதில் முன்பணம் தந்தாலும் அது அட்வான்ஸ்தான், ஓடாவிட்டால் திரும்பக் கேட்பார்கள். முழு ரிஸ்க்கும் தயாரிப்பாளருக்கு.

பல வருடம் எம்.ஜி.தான் தமிழ் சினிமாவின் முதுகெலும்பு. பூஜை போட்ட அன்றே, ஹீரோ யார் என்று தெரிந்த கையோடு ஏரியா பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பணத்தில்தான் ஷூட்டிங் நடக்கும். மீதிக்கு வட்டிக்கு வாங்குவார்கள். படம் ஓடவில்லை என்றால் அடி வாங்குவது வேலூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் விநியோகஸ்தர். பெண்டாட்டி நகையை வைத்து ஏரியா வாங்கியவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. 2002இல் 'பாபா' எதிர்பார்த்தபடி போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தது அவ்வளவு பெரிய செய்தி ஆனதற்குக் காரணமே, அப்படிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஒப்பந்தத்தில் இல்லை என்பதுதான்.

அந்த அடிகளை வாங்கி வாங்கி விநியோகஸ்தர்கள் உஷாராகிவிட்டார்கள். பெரிய நடிகர் படங்களைத் தவிர மற்றவற்றுக்கு எம்.ஜி. கேட்டால் இன்று பெரும்பாலும் கையை விரிக்கிறார்கள். "அட்வான்ஸ் தர்றோம், போட்டுப் பார்ப்போம்" என்பதுதான் பேச்சு. துண்டு தயாரிப்பாளர் தலைக்குத் திரும்பியது அப்படித்தான்.

வெளியீட்டுக்கு முந்தைய இரவு ஒரு தயாரிப்பாளரின் அலுவலகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்த ஃபைனான்ஸியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கடன் தீர்ந்தது என்று லேபுக்கு லெட்டர் போனால்தான் பிரிண்ட் வெளியே வரும். இன்று பிரிண்ட் இல்லை. படம் ஏற்கெனவே எல்லாத் தியேட்டர் சர்வரிலும் இறங்கி உட்கார்ந்திருக்கும், ஆனால் பூட்டிய பெட்டி போல. கே.டி.எம். என்ற டிஜிட்டல் சாவி வந்தால்தான் திறக்கும். கணக்கு முடியாவிட்டால் சாவி வராது. "காலைக் காட்சி ரத்து, மதியத்திலிருந்து படம் ஓடும்" என்று நீங்கள் கேள்விப்படும் செய்திகளுக்குப் பின்னால் அநேகமாக இந்தச் சாவிதான் இருக்கும். மூன்று வருடம் உழைத்த இயக்குநர் ஒருவர் அந்தக் காலையில் தியேட்டர் வாசலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். படத்தின் நல்லது கெட்டதுக்கும் அந்தக் காத்திருப்புக்கும் சம்பந்தமே இல்லை.

நூறு நாள் ஏன் இல்லை

"அந்தக் காலத்துல படம் நூறு நாள், வெள்ளி விழா ஓடும், இப்ப மூணு நாள்" என்பது வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் முதல் சாட்சி. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் இதில் ஒரு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஒரு நகரத்தில் ஒரு படத்தை 60,000 பேர் பார்க்க விரும்புகிறார்கள் என்று வையுங்கள். படம் ஒரே தியேட்டரில், 600 இருக்கை, நாளைக்கு 3 காட்சி. எல்லாம் ஹவுஸ்ஃபுல் என்றாலும் நாளைக்கு 1,800 பேர்தான் பார்க்க முடியும். 60,000 பேரும் பார்த்து முடிக்க 33 நாள் ஆகும். அதே படம் அதே அளவுள்ள பத்துத் தியேட்டரில் ஓடினால்? மூன்றே கால் நாள். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒன்றுதான்.

முன்பு ஃபிலிம் பிரிண்ட் போடுவது பெரிய செலவு. ஒரு பெரிய படத்துக்கே நகரங்களுக்கு மட்டும் எண்ணி எண்ணித்தான் பிரிண்ட் போடுவார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தியேட்டர் இரண்டுக்கு ஒரே பெட்டியும் உண்டு: முதல் சில ரீல் இங்கே ஓடி முடிந்ததும் ஒருவர் அதை சைக்கிளிலோ மொபெட்டிலோ கட்டிக்கொண்டு அங்கே ஓடுவார். டயர் பஞ்சரானால் அங்கே ஜனம் விசில் அடித்துக்கொண்டு காத்திருக்கும். கிராமத்து டூரிங் டாக்கீஸுக்கு அந்தப் படம் வரும்போது ஒரு வருடமே ஆகியிருக்கும். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து தரை டிக்கெட்டில் பார்த்தவர்களுக்கு அதுவே புதுப் படம்.

இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருடத்தின் பிற்பகுதியிலிருந்து டிஜிட்டல் புரொஜெக்ஷன் பரவியது. பிரிண்ட் செலவு போனது. தமிழ்நாட்டில் இருப்பதே ஆயிரத்துச் சொச்சம் திரை. அதில் பெரும்பகுதியில் ஒரே படம் ஒரே நாளில் இறங்க முடிந்தது. சேர வேண்டிய கூட்டம் சேர்ந்து முடிய மூன்று நாள் போதும் என்றானது. திருட்டு விசிடிக்கு பயந்து "முதல் மூணு நாள்லயே அள்ளிடணும்" என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. 2004இலேயே குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் அரசு சேர்த்தது என்றால் அந்த பயத்தின் அளவு தெரியும். ஆக, நூறு நாள் போனதற்குக் கூட்டம் குறைந்தது மட்டும் காரணமில்லை, கூட்டம் நெருக்கி அடித்துக்கொண்டதும் காரணம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. படம் மெதுவாகப் பரவ இருந்த நேரம் போய்விட்டது. முதல் வாரம் காற்றாடி, மூன்றாவது வாரம் வாய்வழியாகப் பேச்சு பரவிக் கூட்டம் கூடிய படங்கள் எத்தனையோ. இன்று நட்சத்திரம் இல்லாத ஒரு நல்ல படத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் அவகாசம். திங்கட்கிழமை காட்சி பாதியாகும். அடுத்த வெள்ளி வேறு நாலு படம் வாசலில் நிற்கும். தயாரிப்பாளர்களுக்கு டிஜிட்டல் மலிவாகவும் முடியவில்லை. காட்டுவதற்கு டிஜிட்டல் நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் ஏப்ரலில் பாதி தாண்டும் வரை புதுப் படமே வெளியிடாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஓடிடி கொடுத்ததும் எடுத்ததும்

1993இல் சன் டிவி வந்த பிறகு சாட்டிலைட் உரிமை என்பது மெல்ல மெல்ல தயாரிப்பாளரின் இரண்டாவது வருமானமானது. தீபாவளி, பொங்கல் என்றால் "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்ற குரல் வீட்டுக்கு வீடு கேட்கும். டேபிள் பிராஃபிட் என்ற மேசைக்கு முதல் கால் அதுதான்.

இரண்டாவது கால் கோவிட் காலத்தில் முளைத்தது. 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடின. மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் படங்களை இனி போட மாட்டோம் என்றுகூடச் சொன்னார்கள். நவம்பரில் 'சூரரைப் போற்று' அதே வழியில் வந்து நாடெங்கும் பேசப்பட்டது. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' தியேட்டருக்குக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டிவந்தது. ஆனால் பதினாறே நாளில் அது பிரைமுக்கும் வந்துவிட்டது.

சந்தாதாரர்களைச் சேர்க்கும் போட்டியில் ஓடிடி நிறுவனங்கள் அப்போது பணத்தை அள்ளிக் கொடுத்தன. ஒரே கையெழுத்தில் படத்தின் செலவில் பாதி வந்துவிடும் என்ற நிலை. இது ஒரு பக்கம் நன்மை. தியேட்டரில் நின்றிருக்க முடியாத கதைகளுக்கும் ஆள் கிடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் டொராண்டோவில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் ஒரே ராத்திரியில் ஒரே படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், அந்தப் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி நட்சத்திரச் சம்பளத்துக்குப் போனது. "உங்க படத்துக்கு ஓடிடியில இவ்வளவு வருது, அதனால எனக்கு இவ்வளவு" என்று கணக்கு ஏறியது. ஏறிய சம்பளம் இறங்கவில்லை. நாலைந்து வருடத்தில் ஓடிடி நிறுவனங்கள் தெளிந்துவிட்டன. எண்ணிக்கையைக் குறைத்தன, விலையைக் குறைத்தன, "தியேட்டரில் எப்படிப் போகிறது பார்த்துவிட்டு விலை பேசலாம்" என்று சொல்லத் தொடங்கின. மேசையின் காலை ஓசையில்லாமல் உருவிக்கொண்டார்கள். சாட்டிலைட் உரிமையின் மவுசும் குறைந்தது, ஏனென்றால் டிவியில் போடும் முன்பே எல்லாரும் ஃபோனில் பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் விண்டோ என்றொரு பிரச்சினை. தியேட்டருக்கும் ஓடிடிக்கும் நடுவில் விடும் இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் அது பெரும்பாலும் நான்கு வாரம். நான்கே வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்தால், டிக்கெட், பெட்ரோல், பாப்கார்ன் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு செலவழிக்கும் நாலு பேர் குடும்பம் "வரட்டும், பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்லும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வட இந்தியாவின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. அதனால்தான் 2023இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பை அவை திரையிடவில்லை. 2024 ஜூலையில் பெரிய நடிகர் படங்களுக்கு எட்டு வாரம் என்று தமிழ்த் தயாரிப்பாளர் சங்கமும் தீர்மானம் போட்டது. தீர்மானம் சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் இடைவெளியை நீட்டினால் ஓடிடி தரும் விலை இன்னும் குறையும். நட்சத்திரச் சம்பளத்தைத் தொடாமல் இந்த முடிச்சு அவிழாது.

நடுவில் இருந்தவை

உண்மையிலேயே எனக்கு வருத்தம் தருவது பெரிய படங்களின் தோல்வி இல்லை. நடுத்தரப் படங்கள் அருகிவருவதுதான்.

தமிழில் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் தியேட்டருக்கு வருகின்றன. எண்ணிக்கையைப் பார்த்தால் வீழ்ச்சி என்றே சொல்ல முடியாது. ஆனால் உற்றுப் பார்த்தால், மேலே பத்துப் பதினைந்து ராட்சசப் படங்கள். கீழே ஒன்றிரண்டு நாளில் காணாமல் போகும் நூற்றுக்கணக்கான படங்கள், சொந்த நிலத்தை விற்று எடுத்தவை, "ஆள் இல்லை, காட்சி ரத்து" என்று பல ஊரில் ஓடாமலே போனவை. நடுவில் ஒரு காலத்தில் ஒரு தடித்த அடுக்கு இருந்தது. அளவான செலவு, தெரிந்த முகம், குடும்பத்தோடு போகும் கதை, பி, சி சென்டர் எனப்படும் சின்ன ஊர்களில் மூன்று நான்கு வாரம், போட்ட பணத்துக்குக் கொஞ்சம் மேலே. புது இயக்குநர்கள் வேலை கற்றுக்கொண்டது அதில். ஒரு கேமராமேனுக்கு வருடத்துக்கு நாலு படம் கிடைத்தது அதில்.

தொழிலாளர்களின் வயிறும் அதில்தான் இருக்கிறது. பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களில் சுமார் 25,000 பேர் இருக்கிறார்கள். லைட்மேன், மேக்கப், தையல், சமையல், டிரைவர், ஸ்டன்ட், நடனக் கலைஞர்கள். இவர்களுக்குச் சம்பளம் நாள் கணக்கில், கால்ஷீட் கணக்கில், பேட்டா கணக்கில். 300 கோடியில் ஒரு படம் எடுத்தால் அதில் பாதியோ அதற்கு மேலோ ஒன்றிரண்டு பேர் சம்பளமாகப் போய்விடும். மிச்சத்தில் பெரும்பங்கு கிராஃபிக்ஸுக்கும் விளம்பரத்துக்கும். அதே பணத்தில் 10 கோடிப் படம் முப்பது எடுத்தால் எத்தனை ஆயிரம் கால்ஷீட்! "தொழில் மறுபிறவி எடுக்கிறது" என்று யாராவது சொன்னால், லைட்மேனுக்கு மாதம் எத்தனை நாள் வேலை என்று நான் திரும்பக் கேட்பேன்.

தியேட்டர்களும் இதே அடுக்கோடு சேர்ந்துதான் விழுகின்றன. சென்னை அண்ணா சாலையில் 1964இல் மூன்று திரைகளோடு சஃபையர் திறந்தது. அதில் ப்ளூ டைமண்டில் காலையிலிருந்து இரவு வரை இடைவிடாமல் படம் ஓடும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். இன்று அது இல்லை. சாந்தி 2016இல் மூடியது. அசோக் நகர் உதயமும் போய்விட்டது. எங்கள் ஊரில் இருந்த தியேட்டர் கல்யாண மண்டபமாகி இருபது வருடம் ஆகிறது. மேடைக்குப் பின்னால் திரை இருந்த சுவர் அப்படியே இருக்கிறது. புரொஜெக்டர் அறையின் இரண்டு சதுர ஓட்டைகளை மட்டும் சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள், வெள்ளையடித்தும் அந்தத் தடம் தெரிகிறது.

திங்கட்கிழமை

அப்படியானால் எல்லாம் சரிந்துகொண்டே போகிறதா? இல்லை. இந்தச் சில வருடங்களில் நடந்த சிலவற்றைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது.

2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம், டப்பிங்கூட இல்லாமல், தமிழ்நாட்டுத் தியேட்டர்களை நிறைத்தது. கொடைக்கானல் குணா குகையும் பழைய தமிழ்ப் பாட்டும் அதில் இருந்தன என்பது உண்மை. ஆனால் அதையும் மீறி, தெரிந்த ஹீரோ இல்லாத, வேற்று மொழிப் படத்துக்கு நம் ஊர் ஜனம் வந்தது. அதே வருடம் ஏப்ரலில் இருபது வருடம் பழைய 'கில்லி' மறுவெளியீட்டில் ஹவுஸ்ஃபுல். எல்லார் ஃபோனிலும் இருக்கும் படம் அது. கூட்டத்தோடு உட்கார்ந்து விசிலடிக்கத்தான் வந்தார்கள். தியேட்டருக்கு வரும் ஆசை செத்துவிட்டது என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

அந்த வருடம் செப்டம்பரில் 'லப்பர் பந்து' வந்தது. புது இயக்குநர், கிராமத்து ரப்பர் பந்து கிரிக்கெட், மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு ஈகோ. 2025 மே 1 அன்று 'டூரிஸ்ட் ஃபேமிலி', இதுவும் முதல் பட இயக்குநர். இலங்கையிலிருந்து கள்ளத்தனமாகச் சென்னைக்கு வந்து சேரும் ஒரு குடும்பத்தின் கதை. அதே நாளில் ஒரு பெரிய நட்சத்திரப் படமும் வந்தது. இந்த இரண்டு படங்களும் மேசையில் வென்றவை இல்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லி வென்றவை. 'மகாராஜா' 2024 ஜூனில் இங்கே ஓடி, அதே வருடம் நவம்பரில் சீனாவில் திரைக்குப் போனது. அதுவும் அதன் திரைக்கதையின் பலத்தில்.

இந்தப் படங்கள் எடுக்கப்பட்ட அளவைக் கவனியுங்கள். தியேட்டர் வசூலிலேயே மீண்டுவிடக்கூடிய அளவு. ஓடிடியில் வருவது உபரி. இது ஒன்றும் புது மாதிரி இல்லை, சாட்டிலைட் உரிமை வருவதற்கு முன்னால் தமிழ் சினிமா இப்படித்தான் பிழைத்தது. இப்போது திரும்பி வருகிறது, வேறு வழியில்லாமல். நான் புரிந்துகொண்ட வரையில் சரிந்துகொண்டிருப்பது சினிமா இல்லை, முன்பணத்திலேயே எடுத்து முன்பணத்திலேயே லாபம் பார்த்த ஏற்பாடு. அது போவதற்காக நான் அழ மாட்டேன். ஆனால் போகும்போது நல்ல தயாரிப்பாளர்களையும் சின்ன ஊர்த் தியேட்டர்களையும் நாள்கூலிக்காரர்களையும் இழுத்துக்கொண்டு போகிறதே, அதுதான் கவலை. மேலே இருப்பவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது வசூலில் பங்காக வாங்கிக்கொண்டால், துண்டு கொஞ்சமாவது எல்லார் தோளிலும் பகிர்ந்து விழும். சிலர் அப்படிச் செய்யவும் தொடங்கியிருக்கிறார்கள்.

புதிதாக இதைக் கவனிக்க ஆரம்பிப்பவர்கள் வெள்ளிக்கிழமை வசூலைப் பார்க்காதீர்கள். வெள்ளியன்று வருவது ரசிகர்கள், சனி ஞாயிறு வருவது விடுமுறை. திங்கட்கிழமை டிக்கெட் ஆப்பைத் திறந்து, உங்கள் ஊரில் அந்தப் படத்துக்கு எத்தனை காட்சி போட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையைவிட எத்தனை குறைந்திருக்கிறது, இருக்கைகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்று பாருங்கள். 'லப்பர் பந்து' வந்த முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக் காட்சிக்குப் போனேன். வேலை முடிந்து பையோடு வந்தவர்கள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள். இடைவேளையில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா ஃபோனில் யாரிடமோ, "நாளைக்கு நீயும் மாமாவும் வந்து பாத்துடுங்க, டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.